இரண்டு ரவுட்டர், ஒரே கேட்வே: விஆர்ஆர்பி அமைக்கும் முறை

அலுவலக ரவுட்டர் பழுதானால், பக்கத்திலேயே இன்னொரு ரவுட்டர் இருந்தும் இணையம் வராது. கணினிகளுக்குத் தெரிந்த கேட்வே (வெளியே போகும் வாசல்) முகவரி பழுதான ரவுட்டருடையது. அந்த முகவரியை இரண்டு ரவுட்டருக்கும் பொதுவாக்கிவிடும் நெறிமுறைதான் விஆர்ஆர்பி (VRRP). சிஸ்கோ நிறுவனத்தின் சொந்த நெறிமுறையான ஹெச்எஸ்ஆர்பியும் (HSRP) இதே வேலையைத்தான் செய்கிறது. விஆர்ஆர்பி பொதுத் தரம் என்பதால் வெவ்வேறு நிறுவன ரவுட்டர்களையும் சேர்க்கலாம்.

படி 1: இரண்டையும் ஒரே விலேனில் (ஸ்விட்சில் தனியாகப் பிரித்த நெட்வொர்க்) இணையுங்கள். முதல் ரவுட்டருக்கு 192.168.10.2, இரண்டாவதற்கு 192.168.10.3. இரண்டுக்கும் பொதுவான மெய்நிகர் முகவரி 192.168.10.1. கணினிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபி கொடுக்கும் கேட்வே இந்த .1 ஆகத்தான் இருக்க வேண்டும்.

படி 2: இரண்டிலும் குழு எண் 10. முன்னுரிமை முதலாவதில் 120, இரண்டாவதில் இயல்பு மதிப்பான 100. எண் அதிகமுள்ளது மாஸ்டர், அதாவது பொது முகவரிக்குப் பொறுப்பு. அது நொடிக்கொரு முறை 224.0.0.18 முகவரிக்கு அறிவிப்பு அனுப்பும். அறிவிப்பு நின்றால் சுமார் 3.6 நொடியில் மற்றது பொறுப்பேற்கும்.

படி 3: பலரும் விட்டுவிடுவது இதைத்தான். ரவுட்டர் நன்றாக இருக்கிறது, ஆனால் வெளி இணைப்பு அறுந்துவிட்டது. அப்போதும் அது மாஸ்டராகவே நீடித்து எல்லாப் பாக்கெட்டுகளையும் வாங்கி வீணாக்கும். எனவே வெளி இணைப்புக்கு டிராக்கிங் போடுங்கள்: இணைப்பு போனால் அது முன்னுரிமையைக் குறைக்கும். போர்ட்டை மட்டும் கவனித்தால் போதாது. நடுவே மோடம் இருந்தால் லைன் செத்தாலும் போர்ட் விளக்கு எரியும். வெளி முகவரி ஒன்றைப் பிங் செய்து (பதில் வருகிறதா என்று சோதித்து) பார்க்கும்படி அமையுங்கள். பிங் தோற்றால் முன்னுரிமையில் குறைய வேண்டியது 30. பத்து குறைத்தால் 110 தான் ஆகும். அது இன்னமும் 100ஐ விட அதிகம், எதுவும் மாறாது. இரண்டிலும் ப்ரீஎம்ப்ட் (முன்னுரிமை அதிகமானது பொறுப்பைப் பறித்துக்கொள்ளும் வசதி) இயங்க வேண்டும். விஆர்ஆர்பியில் அது இயல்பாகவே உண்டு, ஹெச்எஸ்ஆர்பியில் நாம்தான் போட வேண்டும்.

படி 4: இதுவரை இரண்டாவது ரவுட்டர் சும்மா இருக்கிறது. விலேன் 20 என்று இன்னொன்றில் பாதிக் கணினிகளை வைத்து, அதற்குக் குழு 20 அமைத்து, முன்னுரிமையைத் தலைகீழாக்குங்கள்: இரண்டாவதில் 120, முதலாவதில் 100. அதற்கும் டிராக்கிங் வேண்டும். பாதிக் கணினிகள் ஒரு வழி, மீதி மறுவழி. ஆனால் ஒவ்வொரு இணைப்பிலும் பாதிக்கு மேல் சுமை ஏறவிடாதீர்கள். ஒன்று விழுந்தால் மொத்தமும் மற்றதன் தலையில்தான்.

படி 5: ஒரு கணினியில் 8.8.8.8க்குத் தொடர்ந்து பிங் ஓடவிட்டு, முதல் ரவுட்டரின் மின்சாரத்தை நிறுத்துங்கள். நான்கைந்து பிங் தவறி, பிறகு மீண்டும் பதில் வந்தால் சரி. அடுத்து வெளி இணைப்புக் கேபிளை மட்டும் பிடுங்கிப் பாருங்கள். இரண்டு இணைப்புக்கும் பொது ஐபி வேறு என்றால், நடந்துகொண்டிருக்கும் அழைப்பும் பதிவிறக்கமும் துண்டிக்கப்படும். விஆர்ஆர்பியால் அதைக் காப்பாற்ற முடியாது.

இரண்டுமே தன்னை மாஸ்டர் என்று காட்டினால், அறிவிப்பு ஒன்றையொன்று எட்டவில்லை. ஃபயர்வாலில் விஆர்ஆர்பி பயன்படுத்தும் ஐபி புரோட்டோகால் 112 தடுக்கப்பட்டிருக்கிறதா, ஸ்விட்ச் போர்ட்டின் விலேன் சரியா என்று பாருங்கள்.