மாற்றுச் சைலென்சர் பொருத்திய பின் செய்யக்கூடாத தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் ஓடும் லாரிகளில் கம்பெனி சைலென்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்ததும், வெளியில் செய்து விற்கும் மாற்றுச் சைலென்சரையே பலர் வாங்கி மாட்டுகிறார்கள். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் மாட்டிய இரண்டாம் நாளே அடியில் இடிக்கிறது, கேபினுக்குள் புகை வாடை வருகிறது என்று வண்டி பட்டறைக்குத் திரும்பினால், கோளாறு பெரும்பாலும் சைலென்சரில் இருப்பதில்லை. அதை மாட்டிய முறையில் இருக்கிறது.

இன்ஜின் பக்கத்து ஃபிளாஞ்சை (போல்ட் போட்டு இணைக்கும் வளையத் தகட்டை) முதலிலேயே முழுவதுமாக முறுக்கிவிட்டு, மீதிக் குழாயை நெம்புகோலால் இழுத்துப் பின் பிராக்கெட்டில் சேர்ப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அப்படிச் சேர்த்த குழாய் நாண் ஏற்றிய வில்லைப் போல எந்நேரமும் விறைப்பிலேயே நிற்கும். முதலில் பெல்லோஸ் (மடிப்பு மடிப்பாக நெளிந்துகொடுக்கும் குழாய்த் துண்டு) கிழியும், அல்லது பிராக்கெட்டின் வெல்டிங் விடும். எல்லா நட்டுகளையும் கைவிரலால் மட்டும் முடுக்கி, சைலென்சரின் எடை முழுவதையும் ரப்பர் மவுண்டிங்குகளில் தொங்கவிட்டு, குழாய் தானாக எங்கே வந்து நிற்கிறது என்று பார்த்த பிறகே முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாக முறுக்கிக்கொண்டு வர வேண்டும். பிராக்கெட் துளை அரை அங்குலம் தள்ளி நின்றால் துளையை நீளவாக்கில் ராவிக்கொள்ளலாம். குழாயை வளைக்கக் கூடாது. அந்த விலகலைப் பெல்லோஸ் தாங்கிக்கொள்ளும் என்று விட்டுவிடுவதும் தவறே, ஏனெனில் அது இன்ஜினின் அதிர்வை வாங்கிக்கொள்வதற்காக வைக்கப்பட்டது. கோணலைச் சமாளிக்க அல்ல.

அடுத்தது, வெறும் வண்டியை நிறுத்தி வைத்து இடைவெளி பார்ப்பது. ஆத்தங்குடி டைல்ஸ் ஏற்றும் சின்ன லாரி ஒன்றில், பின் ஹவுசிங்குக்கு (பின் அச்சின் கூட்டுக்கு) மேலே வளைந்து போகும் குழாய்க்குக் கீழே இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது. ஓட்டுநரோ, “அண்ணே, லோடு ஏத்துனாத்தான் இடிக்குது” என்று மூன்று முறை வந்து நின்றார். பாரம் ஏறியதும் ஸ்பிரிங் பட்டை படிந்து, சேசிஸோடு குழாயும் இறங்கி ஹவுசிங்கில் உட்கார்ந்துவிடுகிறது. குழாயின் அடியில் காசு அளவுக்குப் பளபளவென்று தேய்ந்திருந்த இடமே அதற்குச் சாட்சி. இதோடு சூட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 3 மீட்டர் நீளமுள்ள இரும்புக் குழாய் 300 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 11 மில்லிமீட்டர் நீளும். 304 வகைத் துருப்பிடிக்காத எஃகு என்றால் 15 மில்லிமீட்டருக்கும் மேலே போகும். காலையில் குளிர்ந்த நிலையில் சரியாக இருந்த குழாய், திருமயம் போய்ச் சேர்வதற்குள் எதையாவது தொடுவதன் காரணம் இதுதான்.

குழாய் விட்டம் சரியாக இல்லாதபோது தகரத்தைச் சுற்றி, பேஸ்ட் பூசி, யூ கிளாம்பை முடிந்த மட்டும் முறுக்குகிறவர்கள் உண்டு. குழாய் நசுங்குமே தவிர, கசிவு நிற்காது. வெர்னியரால் வெளிவிட்டத்தையும் உள்விட்டத்தையும் அளந்து, ஒன்றுக்குள் ஒன்று இரண்டு அங்குலமாவது நுழையும் குழாயை வாங்குவதே வழி. கடகடவென்று சத்தம் போடுகிறது என்று வெப்பத்தைத் தடுக்கும் தகட்டைக் கழற்றி எறிவதும் வேண்டாம். பக்கத்தில் போகும் ஏர் பிரேக்கின் நைலான் குழாயும் வயரிங்கும் அந்தத் தகட்டை நம்பித்தான் இருக்கின்றன. வண்டியிலேயே வெல்டிங் வைத்தால் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்கு அருகிலேயே மாட்ட வேண்டும்.

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 என்ற புகை மாசு விதிப்படி செய்த வண்டிகளில், பொருந்தவில்லை என்பதற்காகப் புகை வடிகட்டியையோ சென்சாரையோ ஒதுக்கிவிட்டு நேர்க்குழாய் போடுவது தீர்வே அல்ல. இன்ஜின் விளக்கு எரியும், இழுவை குறையும். மேலும் ஒலி, காற்று மாசு விதிகளை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. சத்தத்தைப் பெருமையாக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது: சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை.

மாட்டியதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடுவது மற்றொரு தவறு. முதல் லோடு போய்த் திரும்பியதும், நன்றாக ஆறவிட்டு, எல்லா நட்டுகளையும் மறுபடி ஒருமுறை முடுக்க வேண்டும். சூடேறி ஆறுவதில், இணைப்புக்கு நடுவே வைக்கும் கேஸ்கெட் படிந்து கிளாம்ப் தளர்ந்திருக்கும். இணைப்பைச் சுற்றிக் கறுப்பாகக் கரி படிந்திருந்தால் அங்கே கசிகிறது என்று பொருள். சந்தேகமாக இருந்தால், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஐடிலில் ஓடவிட்டு இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைத் தெளித்துப் பார்க்கலாம். குமிழி வருகிற இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு, அந்த இணைப்பை மட்டும் கழற்றினால் போதும்.