நீந்திப் போன மீன் பிழைத்ததா? சூடேறும் நீரில் தூண்டில்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முள்ளைக் கழற்றி நீரில் விட்டதும் மீன் வாலை ஒரு வீசு வீசிவிட்டு ஆழத்துக்குள் மறைகிறது. கரையில் நிற்பவருக்கு மனம் நிறைகிறது. பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுபவர்கள் செய்யும் முதல் தவறு இந்த இடத்தில்தான் இருக்கிறது: நீந்திப் போய்விட்டது, ஆகவே பிழைத்துவிட்டது என்று நம்பிவிடுவது. விடப்பட்ட பின் இறக்கும் மீன்களில் பல, நம் கண்முன் இறப்பதில்லை. சில மணி நேரம் கழித்தோ ஓரிரு நாள் கழித்தோ, யாரும் பார்க்காத நீரடியில் இறக்கின்றன.

பிடித்துவிட்டு விடும் பழக்கத்தைப் பற்றி உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டிய தொகுப்பு ஒன்று 2005-இல் வெளிவந்தது. அதில் 274 இறப்பு மதிப்பீடுகள் இருந்தன. அவற்றின் சராசரி 18 சதவீதம். சில இடங்களில் ஒரு மீன்கூட இறக்கவில்லை. சில இடங்களில் பெரும்பாலானவை இறந்துபோயின. முள் எங்கே தைத்தது, எவ்வளவு ஆழத்திலிருந்து இழுக்கப்பட்டது, எவ்வளவு நேரம் கையாளப்பட்டது, நீர் எவ்வளவு சூடாக இருந்தது என்பவையே இந்த வேறுபாட்டுக்கான முக்கியக் காரணங்கள். முதல் மூன்றும் நம் கையில் இருக்கின்றன. நான்காவது ஆண்டுக்கு ஆண்டு நம் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. குளிர்ந்த நீரில் மீன் தாங்கிக்கொண்ட அதே பழக்கங்கள் இன்றைய வெந்நீரில் அதைக் கொல்கின்றன. அதனால்தான் பழைய பழக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

காற்றை அளந்து நீரை முடிவு செய்வது

வெயில் தணிந்திருக்கிறது, மேகமும் இருக்கிறது, இன்று போகலாம் என்று பலர் கிளம்புகிறார்கள். மீன் வாழ்வது காற்றில் அல்ல. பல நாள் வெயிலைச் சேர்த்துவைத்த நீர், ஒரு மேகமூட்டமான பகலில் குளிர்ந்துவிடாது. இரவிலும் வெப்பம் குறையாத கோடையில் நீருக்கு இளைப்பாற நேரமே கிடைப்பதில்லை.

சூடு ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? நன்னீர் 0 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு ஏறத்தாழ 14.6 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 20 டிகிரியில் அது சுமார் 9.1 ஆகிறது, 30 டிகிரியில் 7.5. மீனோ தன் உடல் வெப்பத்தைத் தானே நிர்ணயித்துக்கொள்ள முடியாத உயிரினம். நீர் 10 டிகிரி சூடேறினால் அதன் உடலின் ஆக்சிஜன் தேவை ஏறத்தாழ இரட்டிப்பாகும். வரவு குறையும்போதே செலவு இருமடங்காகிறது. உயிரைப் பிடித்துவைத்துக்கொள்ளவே திணறும் அந்த நேரத்தில்தான் நாம் அதைத் தூண்டிலில் மாட்டி ஓடவைக்கிறோம்.

ஆகவே பெட்டியில் ஒரு வெப்பமானி இருக்கட்டும். மேற்பரப்பில் மட்டும் பார்க்காமல், தூண்டில் இறங்கும் ஆழத்திலும் அளந்து பாருங்கள். ட்ரவுட் போன்ற குளிர்நீர் மீன்களுக்கு 20 டிகிரி என்பது நிறுத்திக்கொள்ள வேண்டிய எல்லை என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஆற்று நீரின் வெப்பம் தொடர்ந்து மூன்று நாள் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், அதாவது ஏறத்தாழ 23 டிகிரி செல்சியஸை எட்டினால், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை தூண்டில் போடத் தடை விதிக்கப்படுவதுண்டு. கெண்டை, ஜிலேபி போன்றவை இதைவிட அதிக வெப்பத்தைத் தாங்கும். ஆனால் எதற்கும் ஓர் எல்லை உண்டு. நீங்கள் தேடிப் போகும் இனத்தின் எல்லையைத் தெரிந்துகொண்டு போவதுதான் முறை. விரால் தனி வகை. அது மேலே வந்து காற்றைக் குடித்து வாழ்வது. ஆக்சிஜன் குறைந்த நீரிலும் அதனால் சமாளிக்க முடியும். மாறாக, மேற்பரப்புக்கு வரவிடாமல் வலைப்பையில் முழுதாக அமிழ்த்தி வைத்தால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். ஒரு மீனுக்குச் செய்யும் நன்மை இன்னொன்றுக்குக் கேடாகலாம்.

விடியற்காலை என்றால் எங்கும் பாதுகாப்பு என்று நினைப்பது

ஓடும் ஆற்றுக்கு இது பெரும்பாலும் சரி. பாசி மண்டிய, தேங்கிய குளத்துக்குச் சரியல்ல. பகலில் பாசியும் நீர்த்தாவரங்களும் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜனைக் கொடுக்கின்றன. இருட்டியதும் அவையும் மீன்களோடு சேர்ந்து அதைச் சுவாசிக்கத் தொடங்குகின்றன. விடிவதற்குச் சற்று முன்பும் விடிந்த உடனும் குளத்தின் ஆக்சிஜன் கையிருப்பு அடிமட்டத்தில் இருக்கும். நீர் பச்சைக் குழம்பாக இருந்து, அதிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், இரை தேடுகின்றன என்று எண்ணித் தூண்டிலை வீசிவிடாதீர்கள். அவை மூச்சுக்குத் தவிக்கின்றன. அன்று கருவிகளை எடுக்காமல் திரும்பிவிடுங்கள்.

இதற்கு நெருக்கமான இன்னொரு தவறு, வெப்ப அலை முடிந்த முதல் குளிர்ந்த நாளை நல்ல நாளாகக் கொள்வது. கோடையில் ஆழமான நீர்நிலை அடுக்குகளாகப் பிரிந்து நிற்கும். மேலே சூடான நீர், கீழே ஆக்சிஜன் தீர்ந்துபோன குளிர்ந்த நீர். திடீரெனக் குளிர்காற்றோ புயல் மழையோ வந்தால் இரண்டும் கலந்து, மேலிருந்த நல்ல நீரும் கெட்டுவிடும். ஆஸ்திரேலியாவின் டார்லிங் ஆற்றில் மெனிண்டீ அருகே 2018 டிசம்பரிலும் 2019 ஜனவரியிலும் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தது இப்படித்தான். வறட்சியால் ஓட்டம் நின்று, பாசி பெருகி, அடுக்காகிக் கிடந்த நீரை வானிலை மாற்றம் ஒரே வீச்சில் கலக்கிவிட்டது. பல பத்தாண்டுகள் வளர்ந்த பெரிய மர்ரே காட் மீன்களும் அதில் போயின.

நிறைய மாட்டுகிறது, ஆகவே நிறைய இருக்கிறது

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இதுதான், ஏனென்றால் இதைச் செய்பவர் மகிழ்ச்சியோடு செய்கிறார். கடும் கோடையில் ஓரிடத்தில் தூண்டில் போட்டதும் மீன் மாட்டுகிறது. மறுபடி போட்டால் மறுபடி மாட்டுகிறது. உண்மையில் அங்கே என்ன நடக்கிறது? மேல்நீர் தாங்க முடியாத சூடு. அடிநீரில் ஆக்சிஜன் இல்லை. நடுவே எஞ்சியிருக்கும் ஒரு மெல்லிய அடுக்கிலோ, குளிர்ந்த ஓடை வந்து சேரும் வாயிலோ, ஊற்றுக்கண்ணின் பக்கத்திலோ அந்த நீர்நிலையின் மீன்கள் எல்லாம் வந்து அடைக்கலம் புகுந்திருக்கின்றன.

2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வு மிதவெப்ப மண்டலத்தின் ஏறத்தாழ 400 ஏரிகளின் அளவீடுகளை ஆராய்ந்தது. 1980-க்குப் பின் மேற்பரப்பு நீரில் ஆக்சிஜன் 5.5 சதவீதமும் ஆழ்நீரில் 18.6 சதவீதமும் குறைந்திருந்தது. மீன்கள் ஒதுங்கும் இடம் மேலிருந்தும் கீழிருந்தும் சுருங்குகிறது என்பதே இதன் பொருள். அங்கே போய் நின்று பிடிப்பது, வெள்ளத்தில் மேட்டில் ஏறி நிற்கும் கூட்டத்தை விரட்டுவதைப் போன்றது. மீன் குவிந்திருப்பதைக் கண்டால், நீர் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். அடைக்கலம் என்று தெரிந்தால் விலகிப் போய்விடுங்கள். அந்த இடத்தைப் பிறருக்கு அறிவித்துக் கூட்டம் சேர்க்கவும் வேண்டாம்.

மெல்லிய நரம்பு, நீண்ட போராட்டம், ஒரு படம்

மெல்லிய நரம்பில், அதாவது தூண்டில் இழையில், பெரிய மீனை வெகுநேரம் ஆட்டங்காட்டிக் கரைசேர்ப்பதைத் திறமையாகச் சொல்வார்கள். குளிர்ந்த நீரில் அதை நான் மறுக்கமாட்டேன். சூடான நீரில் அது மீனின் உயிரை வைத்து ஆடும் ஆட்டம். ஓடி ஓடிக் களைத்த மீனின் தசையில் லாக்டிக் அமிலம் சேர்கிறது, இரத்தம் அமிலத்தன்மை அடைகிறது. அதைச் சரிசெய்ய ஆக்சிஜன் வேண்டும். நீரில் அது குறைவு. மீனின் எடைக்குத் தேவையானதைவிடச் சற்றுத் தடித்த நரம்பையே கட்டுங்கள். சீக்கிரம் கரைக்குக் கொண்டுவாருங்கள்.

அடுத்தது, நீரைவிட்டு வெளியே தூக்குவது. மீனின் செவுளில் மெல்லிய இதழ்கள் நீரின் தாங்கலில்தான் விரிந்து நிற்கின்றன. காற்றில் அவை ஒன்றோடொன்று ஒட்டிப் படிந்துவிடும். வாயு பரிமாற்றம் ஏறத்தாழ நின்றுபோகும். 1992-இல் வெளியான ஆய்வுக்கூடச் சோதனை ஒன்றில் ரெயின்போ ட்ரவுட் மீன்களை முழுக்கக் களைப்படையச் செய்தார்கள். களைத்தும் நீரிலேயே இருந்தவற்றில் 88 சதவீதம் பிழைத்தன. 30 வினாடி காற்றில் வைக்கப்பட்டவற்றில் 62 சதவீதம். 60 வினாடி வைக்கப்பட்டவற்றில் வெறும் 28 சதவீதம். சோதனைக்காக இரத்தக் குழாயில் குழல் செருகப்பட்ட மீன்கள் அவை என்பதால் ஆற்று மீனுக்கு அந்த எண்களை அப்படியே பொருத்தக் கூடாது. ஆனாலும் அந்த அரை நிமிடம் எவ்வளவு பெரியது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்கை நான் பார்த்ததில்லை. கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு, மீன் நீரிலேயே இருக்கும்போது எடுங்கள். தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் சில வினாடிகள் போதும். உடலிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருக்கும்போதே திரும்ப இறக்கிவிடுங்கள்.

உலர்ந்த கை, துண்டு, சூடான மணல், வெயிலில் காய்ந்த படகுத் தளம் ஆகிய எல்லாமே மீனின் மேலுள்ள வழவழப்பான படலத்தை உரித்துவிடும். நோய்க்கிருமி உடலுக்குள் புகாமல் தடுக்கும் முதல் காவல் அதுதான். அது போன இடத்தில் சில நாளில் பஞ்சு போல வெண்பூஞ்சை படர்வதைப் பார்க்கலாம். கையை நனைத்துக்கொள்ளுங்கள். முடிச்சுள்ள நைலான் கைவலைக்குப் பதில் முடிச்சில்லாத ரப்பர் வலை நல்லது. பெரிய மீனைத் தாடையில் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடாமல், வயிற்றின் கீழும் கைகொடுத்துக் கிடைமட்டமாகத் தாங்குங்கள். செவுளுக்குள் விரல் விடவே வேண்டாம்.

முள் தொண்டைக்குள் இறங்கியிருந்தால் அதைத் தோண்டி எடுப்பதுதான் பெரிய தீங்கு. நரம்பை வாயோரம் வெட்டிவிட்டு முள்ளை உள்ளேயே விட்டால் மீன் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். வளைந்த வட்ட முள்ளைப் பயன்படுத்தினால் பெரும்பாலும் அது வாயோரத்திலேயே தைக்கும். முள் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு கூர்முனையை இடுக்கியால் நசுக்கிவிட்டால் கழற்றுவது நொடி வேலை.

ஆழத்திலிருந்து இழுக்கும் மீனுக்கு வேறொரு துன்பம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல இருமடங்கு. வேகமாக மேலே வரும்போது காற்றுப்பை விரிந்து, இரைப்பை வாய்வழியே பிதுங்கும், கண் புடைக்கும். கோடையில் இதோடு குளிர்ந்த அடிநீரிலிருந்து வெந்நீருக்கு வந்த அதிர்ச்சியும் சேர்ந்துகொள்ளும். அப்படிப்பட்ட மீனை விட்டுவிடலாம் என்ற எண்ணத்தோடு ஆழத்தில் பிடிக்கவே கூடாது.

களைத்த மீனை முன்னும் பின்னுமாக ஆட்டி உயிர்ப்பிக்கும் வழக்கமும் தவறானது. பின்னோக்கி இழுக்கும்போது நீர் செவுளில் எதிர்த்திசையில் பாய்கிறது. தலை நீரோட்டத்தை எதிர்நோக்கும்படி அசைக்காமல் பிடித்திருங்கள். நீருக்குள் மெதுவாகப் புரட்டினால் அது தானாக நிமிர்ந்துகொள்ள வேண்டும். நிமிரவில்லை என்றால் இன்னும் தேறவில்லை.

எண்ணிக்கையை மறப்பது

விடுவதுதானே என்று ஒரே நாளில் 50 மீன் பிடிப்பவர் இருக்கிறார். பத்தில் ஒன்று இறந்தாலே 5 மீன் போயிற்று. வெந்நீரில் அது இன்னும் கூடும். விதி அனுமதிக்கும் இடத்தில், உண்பதற்கென்று இரண்டை எடுத்து, உடனே தலையில் அடித்து வலியின்றிக் கொன்று, தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு கிளம்புபவர் அந்த நீர்நிலைக்கு அவரைவிடக் குறைவான சேதமே செய்கிறார் என்பது என் உறுதியான எண்ணம்.

நோயைச் சுமந்து செல்வது

மீன் நோய்களில் பல, சூட்டோடு கைகோத்து வருபவை. கெண்டை இனத்தைத் தாக்கும் கொய் ஹெர்பஸ் வைரஸ் பெரும்பாலும் நீர் 16 டிகிரியைத் தாண்டிய பின்னரே வெடிக்கிறது. 2016 ஆகஸ்டில் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் ஆற்றில் ஆயிரக்கணக்கான ஒயிட்ஃபிஷ் மீன்கள் செத்து ஒதுங்கின. சிறுநீரகத்தைத் தாக்கும் ஓர் ஒட்டுண்ணியே காரணம். குறைந்த நீரோட்டமும் அதிக வெப்பமும் அதற்குத் துணைநின்றன. அது மேலும் பரவாமல் இருக்க ஆற்றின் 183 மைல் நீளத்தையும் கிளையாறுகளையும் மக்கள் இறங்காதபடி மூடினார்கள்.

ஈரமான காலணி, சேறு படிந்த வலை, படகின் அடியில் தேங்கிய நீர் ஆகியவை ஒரு நீர்நிலையின் கிருமியை இன்னொன்றுக்குக் கொண்டுபோகின்றன. கழுவி, முழுதாக உலர்த்தாமல் இடம் மாறாதீர்கள். மிஞ்சிய உயிருள்ள இரை மீன்களை நீரில் கொட்டுவது இரக்கம் போலத் தோன்றும். நோயும் அந்நிய இனமும் அந்த வாளி வழியாகத்தான் பரவுகின்றன. ஓரிடத்துப் புண்பட்ட மீனை இன்னோரிடத்தில் இரையாகப் பயன்படுத்துவதும் அப்படியே.

கரையோரம் பல மீன்கள் இறந்து கிடந்தால், நாளை யாராவது சொல்வார்கள் என்று விட்டுவிடாதீர்கள். வெப்பமான நீரில் உடல் சில மணி நேரத்தில் அழுகிவிடும். அதன்பின் காரணத்தைக் கண்டுபிடிப்பது அரிது. இனம், ஏறத்தாழ எத்தனை, நேரம், நீரின் வெப்பநிலை, நிறம் ஆகியவற்றைக் குறித்து, படம் எடுத்து, அப்போதே மீன்வளத் துறைக்குச் சொல்லுங்கள். இறந்தவற்றோடு உயிர் ஊசலாடும் மீன்களும் இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். சோதனைக்கு அவைதான் மிகவும் பயன்படும்.