ஐ.இ.பி. மேசையில் பெற்றோருக்குத் துணை: அமெரிக்காவில் ஸ்பெஷல் எஜுகேஷன் அட்வகேட் ஆவது எப்படி?

சிறப்புக் கல்வி தேவைப்படும் குழந்தைக்கென்று எழுதப்படும் தனித் திட்டத்துக்கு அமெரிக்கப் பொதுப் பள்ளிகளில் ஐ.இ.பி. என்று பெயர். அதற்கான கூட்டம் என்றால் உளவியலாளர், வகுப்பாசிரியர், சிறப்புக் கல்வி ஆசிரியர், பேச்சுப் பயிற்சியாளர், அந்த ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி மாவட்டத்தின் பிரதிநிதி என்று மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் இருப்பார்கள். குழந்தையின் தரப்பில் பெரும்பாலும் அம்மா மட்டும். விவரம் தெரிந்த ஒருவரைக் கூடவே அழைத்துவர அந்த அம்மாவுக்குச் சட்டம் உரிமை தந்திருக்கிறது. வருபவருக்கு விவரம் தெரியுமா என்று முடிவு செய்யும் அதிகாரமும் அழைத்தவருக்கே, பள்ளிக்கு இல்லை. அப்படி வந்து உட்காருபவர்தான் அட்வகேட்.

இவர் வக்கீல் அல்ல. நாடு முழுவதற்கும் பொதுவான உரிமமோ தேர்வோ இந்த வேலைக்குக் கிடையாது. அதனால் யார் வேண்டுமானாலும் நுழையலாம். அரைகுறையாகக் கற்றுக்கொண்டு வந்து ஒரு குழந்தையின் முக்கியமான ஆண்டுகளைப் பாழாக்கவும் செய்யலாம். பேச்சுத் திறமையை நம்பி இதற்கு வர வேண்டாம். வேலையில் முக்கால்வாசி காகிதத்தோடுதான்: கோப்பைப் படிப்பது, தேதி குறிப்பது, எழுதி அனுப்புவது.

படி 1: மத்தியச் சட்டம், பிறகு உங்கள் மாநில விதி

முதலில் ஐடியா சட்டம், அதாவது குறைபாடுள்ள குழந்தைகளின் கல்விக்கான மத்தியச் சட்டம். 1975இல் வேறு பெயரில் வந்து, 1990இல் இந்தப் பெயர் பெற்று, 2004இல் பெரிய அளவில் திருத்தப்பட்டது. இதன் 'பி' பகுதி 3 முதல் 21 வயது வரையிலான குழந்தைகளுக்கானது. சுருக்க உரைகளை நம்பாமல், மத்திய விதித் தொகுப்பில் 34 சி.எஃப்.ஆர். 300ஆம் பகுதியில் உள்ள விதிகளை நேரடியாகப் படியுங்கள். அதோடு 1973ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தில், குறைபாட்டைக் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கும் 504ஆம் பிரிவும், மாணவர் ஆவணங்கள் பற்றிய ஃபெர்பா சட்டமும் தெரிந்திருக்க வேண்டும்.

புதியவர்கள் சறுக்கும் இடம் மாநில விதி. பெற்றோர் சம்மதம் தந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் மதிப்பீடு முடிய வேண்டும் என்கிறது மத்திய விதி. மாநிலம் தனக்கென்று வேறு கெடு வைத்திருந்தால் அதுதான் செல்லும். டெக்சஸில் அறிக்கைக்கு 45 பள்ளி நாட்கள். கலிஃபோர்னியாவில் கோரிக்கை கிடைத்த 15 நாளில் மதிப்பீட்டுத் திட்டம் பெற்றோர் கையில் இருக்க வேண்டும், சம்மதத்துக்குப் பின் 60 நாளில் கூட்டம். நியூ ஜெர்சியில் மதிப்பீடு, தகுதி முடிவு, ஐ.இ.பி. நடைமுறைக்கு வருவது எல்லாம் சேர்த்து 90 நாள். பெயர்களும் மாறும்: டெக்சஸில் இந்தக் கூட்டத்துக்கு 'ஏ.ஆர்.டி.' என்று பெயர், நியூ ஜெர்சியில் மதிப்பீடு செய்பவர்கள் 'சைல்ட் ஸ்டடி டீம்'. ஒரு மாநிலத்தை முழுதாகக் கற்ற பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

தீர்ப்புகளில் மூன்றை முதலில் படிக்கலாம். 1982இன் ரௌலி வழக்கு, 'பொருத்தமான கல்வி' என்றால் என்ன என்பதற்கு முதல் அளவுகோல் தந்தது. 2017இன் எண்ட்ரூ எஃப். தீர்ப்பு அதை உயர்த்தியது: குழந்தையின் சூழ்நிலைக்குத் தக்க முன்னேற்றம் கிடைக்கும்படி ஐ.இ.பி. இருக்க வேண்டும், ஒப்புக்குச் சிறிது முன்னேற்றம் போதாது. 2005இன் ஷாஃபர் தீர்ப்பின்படி, பள்ளியோடு உள்ள தகராறைத் தீர்க்க விசாரணை ('டியூ ப்ராசஸ்') கேட்பவரே தன் தரப்பை நிரூபிக்க வேண்டும். அதாவது பெரும்பாலும் பெற்றோர். நியூ ஜெர்சி 2008இல் தனிச் சட்டம் போட்டு அந்தச் சுமையைப் பள்ளி மாவட்டத்தின் மேல் வைத்தது. கையில் ஆதாரம் ஏன் முதல் நாளிலிருந்தே சேர வேண்டும் என்பது ஷாஃபர் தீர்ப்பைப் படித்தால் புரியும்.

படி 2: பயிற்சி

ஒவ்வொரு மாநிலத்திலும் மத்திய அரசு நிதியில் இயங்கும் பெற்றோர் பயிற்சி மையம் ஒன்றாவது உண்டு. நியூ ஜெர்சியில் 'ஸ்பான்'. இவற்றின் வகுப்புகள் பெற்றோருக்கு இலவசம். அங்கே தன்னார்வலராகத் தொடங்குவதைவிட நல்ல நுழைவாயில் இல்லை. அடுத்து, பெற்றோர் தரப்பு வக்கீல்களும் அட்வகேட்டுகளும் சேர்ந்து நடத்தும் 'கோபா' அமைப்பின் 'சீட்' பயிற்சி. எந்தப் பயிற்சியின் சான்றிதழும் உரிமம் ஆகாது. 'அரசு அங்கீகாரம் பெற்றவர்' என்று போட்டுக்கொள்ளாதீர்கள்.

இவற்றோடு, உங்கள் மாநில இணையதளத்தில் வெளியாகும் விசாரணைத் தீர்ப்புகளை வாரம் ஒன்றாவது படியுங்கள். எந்தக் கடிதம் பெற்றோரைக் காப்பாற்றியது, எந்தக் கையெழுத்து கவிழ்த்தது என்பதை எந்த வகுப்பும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது.

படி 3: கோப்பைப் படிப்பது

உங்களுடைய உண்மையான தொழில் இதுதான். பெற்றோர் எழுத்தில் கேட்டால் ஆவணங்களைக் காட்டப் பள்ளிக்கு அதிகபட்சம் 45 நாள், ஐ.இ.பி. கூட்டம் இருந்தால் அதற்கு முன்பே காட்ட வேண்டும். வந்த கட்டைத் தேதி வரிசையில் அடுக்கி, ஒரே பக்கத்தில் காலவரிசை எழுதுங்கள்: எந்த நாளில் யார் என்ன கேட்டார், என்ன பதில் வந்தது, எந்தச் சோதனையில் எவ்வளவு.

பிறகு மதிப்பெண்கள். பெரும்பாலான சோதனைகளில் 'ஸ்டாண்டர்ட் ஸ்கோர்' சராசரி 100, திட்ட விலக்கம் 15. குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கு 85க்கும் 115க்கும் இடையில் விழும். உட்சோதனைகளின் 'ஸ்கேல்ட் ஸ்கோர்' சராசரி 10, திட்ட விலக்கம் 3. இதை மனப்பாடமாக வைத்திருங்கள்.

ஒரு உதாரணம். இரண்டாம் வகுப்பில் வாசிப்பு மதிப்பெண் 88. ஐந்தாம் வகுப்பில் 79. பள்ளி அறிக்கை 'தொடர்ந்து முன்னேறி வருகிறான்' என்கிறது. அது பொய்யும் அல்ல, மூன்றாண்டுக்கு முன் வாசிக்க முடியாத சொற்களை இப்போது வாசிக்கிறான். ஆனால் ஸ்டாண்டர்ட் ஸ்கோர் அதே வயதுக் குழந்தைகளோடு ஒப்பிடுவது. முன்பு நூறு பேரில் 21 பேரைவிட மேலே இருந்தவன் இப்போது 8 பேரைவிடத்தான் மேலே இருக்கிறான். சிறப்பு வகுப்பு கிடைத்த பிறகும் இடைவெளி கூடியிருக்கிறது. இந்த இரண்டு எண்களை ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி மேசையில் வைத்தால், அரை மணி நேரப் பேச்சு மிச்சம்.

மொத்த ஐ.க்யூ. எண்ணை மட்டும் பார்த்து நின்றுவிடக் கூடாது. மொழிப் புரிதல் 118, செயல்வேகம் 80 என்று இருக்கும் குழந்தையின் மொத்த எண் சராசரிக்குப் பக்கத்தில் வந்து இரண்டையும் மறைத்துவிடும்.

பள்ளியின் மதிப்பீட்டை ஏற்க முடியாவிட்டால், அரசுச் செலவில் வெளி மதிப்பீடு கேட்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. ஒன்று, பள்ளி அதற்குப் பணம் தர வேண்டும்; அல்லது தன் மதிப்பீடு சரியென்று நிரூபிக்கத் தானே விசாரணைக்குப் போக வேண்டும். இழுத்தடிப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

படி 4: இலக்குகளைச் சோதிப்பது

'மாணவன் வாசிப்புத் திறனை 80 சதவீதத் துல்லியத்துடன் மேம்படுத்துவான்.' இப்படி ஒரு இலக்கு ஐ.இ.பி.யில் அடிக்கடி வரும். எதில் 80? எந்த வகுப்புப் பாடத்தில்? இன்று எவ்வளவு? ஆண்டு முடிவில் இதை வைத்து எதையும் அளக்க முடியாது.

அதையே இப்படி எழுதலாம்: 'இரண்டாம் வகுப்புத் தரத்து புதிய பத்தியில் இப்போது நிமிடத்துக்கு 42 சொற்கள் சரியாக வாசிக்கிறான். அடுத்த ஆண்டு மே மாதத்துக்குள் அதே தரத்துப் பத்தியில் 80 சொற்கள், 95 சதவீதத் துல்லியத்துடன். வாரம் ஒருமுறை அளவிடப்படும்.' தொடக்க அளவு, முடிவு அளவு, கெடு, அளக்கும் முறை நான்கும் இருக்கின்றன.

சேவைப் பக்கத்துக்கும் இதே கண்டிப்பு. 'தேவைப்படும்போது பேச்சுப் பயிற்சி' என்றால் நடைமுறையில் எதுவும் இல்லை. வாரம் 2 முறை, ஒவ்வொன்றும் 30 நிமிடம், மூன்று பேருக்கு மிகாத குழு என்று இருக்க வேண்டும்.

படி 5: கடிதம்

வாசலில் ஆசிரியரிடம் வாய்மொழியாகக் கேட்டது எங்கும் பதிவாகாது. முதல் கோரிக்கை மின்னஞ்சலில், சிறப்புக் கல்வி இயக்குநருக்கும் முதல்வருக்கும். ஆங்கிலத்தில் போக வேண்டிய அதன் சாரம் இவ்வளவுதான்:

'என் மகனுக்குச் சிறப்புக் கல்வி தேவையா என்று எல்லாத் துறைகளிலும் மதிப்பீடு செய்யக் கோருகிறேன். வாசிப்பு, கவனம், பேச்சு ஆகியவற்றில் கவலை உண்டு. சம்மதப் படிவத்தை அனுப்புங்கள். மறுப்பதானால் காரணங்களை எழுத்துபூர்வ முன்னறிவிப்பாகத் தாருங்கள்.'

கடைசி வரி முக்கியம். பள்ளி ஒன்றைச் செய்ய மறுத்தால் காரணத்தையும் ஆதாரத்தையும் எழுதித் தர வேண்டும் என்பது 300.503 விதி. எழுதித் தர வேண்டும் என்றதும் பல மறுப்புகள் சம்மதமாக மாறும்.

அதிகம் வரும் இரண்டு பதில்களுக்குத் தயாராக இருங்கள். ஒன்று, 'முதலில் ஆர்.டி.ஐ. முறையில் சில மாதம் பார்ப்போம்.' அதாவது பொது வகுப்பிலேயே கூடுதல் உதவி தந்து பலனைப் பார்ப்பது. அதைக் காரணம் காட்டி மதிப்பீட்டைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்று மத்தியக் கல்வித் துறை 2011 ஜனவரியிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. இன்னொன்று, 'மார்க் நன்றாகத்தானே வருகிறது.' ஃபெயில் ஆகாமல் வகுப்புக்கு வகுப்பு ஏறிப் போகும் குழந்தைக்கும் உரிமை உண்டு என்பது 300.101 விதியிலேயே இருக்கிறது.

படி 6: கூட்டத்தில்

வரைவு ஐ.இ.பி.யை முன்கூட்டியே கேளுங்கள். பெற்றோரின் கவலைகளை ஒரு பக்கமாக எழுதி முந்தைய நாளே அனுப்பி, அது ஐ.இ.பி.க்குள் சேர்ந்ததா என்று பாருங்கள். கூட்டத்தில் பெற்றோரே முதலில் பேசட்டும். உங்கள் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: 'இதற்கு என்ன தரவு இருக்கிறது?' குரலை உயர்த்திவிட்டு நீங்கள் கிளம்பிவிடலாம். அடுத்த நாள் காலை அதே ஆசிரியரிடம் போக வேண்டியது குழந்தை. அன்றைக்கே கையெழுத்து கேட்டால் வீட்டுக்கு எடுத்துச் சென்று படிப்பதாகச் சொல்லச் சொல்லுங்கள். கூட்டத்தை ஒலிப்பதிவு செய்ய அனுமதி உண்டா என்பது இடத்துக்கு இடம் மாறும், முன்பே விசாரியுங்கள். அன்று மாலையே, பேசி முடிவானவற்றைப் பட்டியலிட்டுப் பெற்றோர் பெயரில் ஒரு மின்னஞ்சல் போக வேண்டும்.

தமிழ்க் குடும்பங்களோடு வேலை செய்யும்போது

வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்தச் சொல்லும் அறிவுரை இன்னும் வருகிறது. இரு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் உண்டாவதில்லை. பாட்டி தாத்தாவோடு பேசும் ஒரே மொழியைக் குழந்தையிடமிருந்து பிடுங்குவது அநியாயம். குழந்தைக்குத் தமிழே நன்றாக வருமென்றால் இயன்றவரை அந்த மொழியில் சோதிக்க வேண்டும். ஆங்கிலம் போதாமை மட்டுமே காரணமென்றால் குறைபாடு என்று முத்திரை குத்தக் கூடாது. ஐ.இ.பி. கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளரைப் பள்ளி ஏற்பாடு செய்ய வேண்டும். நீங்களே அட்வகேட்டாகவும் மொழிபெயர்ப்பாளராகவும் உட்காராதீர்கள், இரண்டும் கெடும்.

'கல்லூரிக்குப் போகும்போது இது தெரிந்துவிடுமா?' என்ற பயம் நம் பெற்றோரிடம் அதிகம். கல்லூரிகளுக்கு அனுப்பும் மதிப்பெண் பட்டியலில் குறைபாட்டையோ சிறப்புக் கல்வியையோ காட்டக் கூடாது என்று சொல்லுங்கள். பொதுப் பள்ளியில் படிக்கும் உரிமை விசா நிலையைப் பொறுத்ததல்ல என்பதையும் சொல்லுங்கள். 1982இன் ப்ளைலர் தீர்ப்பு அது.

படி 7: எங்கே நிற்க வேண்டும்

விசாரணையில் வக்கீல் அல்லாதவர் வாதாடலாமா என்பதை மாநிலச் சட்டம் முடிவு செய்கிறது. டெலவேரில் கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஆரன்ஸ் வழக்கு தீர்த்தது. பெற்றோர் உங்களிடம் சொல்வதற்கு, வக்கீலிடம் சொல்வதற்கு உள்ள இரகசியப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது. இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சில விஷயங்களில் உடனே வக்கீலிடம் அனுப்புங்கள். ஒழுங்கு நடவடிக்கையால் குழந்தையின் இடத்தை மாற்றப் போகிறார்கள் என்றால், நடத்தைக்கும் குறைபாட்டுக்கும் தொடர்பு உண்டா என்று 10 பள்ளி நாட்களில் கூடி முடிவெடுத்துவிடுவார்கள். தனியார் பள்ளிக்கு மாற்றிச் செலவைக் கேட்க நினைக்கும் பெற்றோர், கடைசி ஐ.இ.பி. கூட்டத்தில் சொல்லியிருக்க வேண்டும், அல்லது 10 வேலை நாட்களுக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரியாமல் முதலில் மாற்றிவிட்டு வருபவர்கள் பணத்தை இழக்கக்கூடும். மாநிலத் துறையிடம் புகாருக்கு ஓராண்டு, விசாரணை கோரப் பொதுவாக இரண்டு ஆண்டு என்ற கெடுக்களையும் உங்கள் காலவரிசைத் தாளில் சிவப்பில் குறியுங்கள்.

படி 8: கட்டணமும் ஒப்பந்தமும்

எச்-4 விசாவில் இ.ஏ.டி. என்ற வேலை அனுமதி இல்லாதவர் கட்டணம் வாங்கக் கூடாது. பயிற்சி எடுப்பதற்குத் தடையில்லை. தொழிலைத் தொடங்கும் முன் குடியேற்ற வக்கீல் ஒருவரைக் கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் மணிக் கட்டணமா மொத்தத் தொகையா, எத்தனை கூட்டம், 'நான் வக்கீல் அல்ல', 'முடிவுக்கு உத்தரவாதம் இல்லை' ஆகியவை இருக்க வேண்டும். பள்ளியோடு பேசவும் ஆவணம் பெறவும் பெற்றோர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் தனி. தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு எடுங்கள். சிகிச்சையாளரிடமோ தனியார் பள்ளியிடமோ பரிந்துரைக் கமிஷன் வாங்காதீர்கள். நீங்கள் வேலை செய்யும் பள்ளி மாவட்டத்தை எதிர்த்து வேலை எடுக்காதீர்கள்.

முதல் சில குடும்பங்களுக்கு ஆண்டு ஆய்வுக் கூட்டங்களை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள், சண்டை முற்றிய வழக்குகள் பிறகு. வேலை முடிந்ததும் தேதி வரிசையில் அடுக்கிய கோப்பைப் பெற்றோரிடமே ஒப்படையுங்கள். அதன் முதல் தாளில் இரண்டு தேதிகள் இருக்கட்டும்: அடுத்த ஆண்டு ஆய்வு எப்போது, மூன்றாண்டு மறுமதிப்பீடு எப்போது.