கேட் (CAD, கணினி வரைபட) வேலையைத் தானியங்கியாக்க எந்த நிரல்மொழியில் தொடங்குவது?

வரைபட மென்பொருளில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து அலுத்துப்போனவர்களுக்கு ஒரு கட்டத்தில் "இதற்கு ஒரு நிரல் எழுதினால் என்ன?" என்று தோன்றும். உடனே தேடுவது, எந்த மொழி கற்க எளிது என்று. பெரும்பாலும் வருகிற பதில் பைத்தான். அதை நம்பிச் சில வாரங்கள் படித்துவிட்டு ஆட்டோகேடைத் திறந்தால், அதற்குள் பைத்தானே இல்லை என்பது அப்போதுதான் தெரியவரும். வெளியிலிருந்து இணைக்க வழி உண்டு. ஆனால் அந்த வழி எல்லா வேலைக்கும் ஒத்துவராது.

இந்தத் துறையில் மொழியின் இலக்கணம் சின்னப் பகுதிதான். மாறிகள், நிபந்தனைகள், சுழல்கள் எல்லாம் சீக்கிரம் பிடிபட்டுவிடும். அந்த மென்பொருள் தன் கோடுகளையும் பிளாக்குகளையும் (ஒரே பொருளாகச் சேர்த்து வைத்த வரைபடத் துண்டுகள்) பாகங்களையும் உள்ளே எப்படி அடுக்கி வைத்திருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளத்தான் நாள் பிடிக்கும். அதனால் மொழியிலிருந்து தொடங்காமல், வேலையிலிருந்தும் மென்பொருளிலிருந்தும் தொடங்கலாம்.

படி 1: வேலையை ஒரே வாக்கியமாக எழுதுங்கள்

உண்மையாகவே ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டு மாதிரிகள் தருகிறேன்.

"நான் தேர்ந்தெடுக்கும் பாலிலைன்களின் (தொடர்கோடுகளின்) பரப்பளவைக் கூட்டி, நான் காட்டும் இடத்தில் டெக்ஸ்டாக வை."

"இந்த ஃபோல்டரில் உள்ள 200 டிராயிங்குகளின் டைட்டில் பிளாக்கில் (விவரக் கட்டத்தில்), எக்செல் பட்டியலில் உள்ளபடி ரிவிஷன் (திருத்த) எண்ணை மாற்று."

முதல் வேலை திறந்திருக்கும் ஒரே டிராயிங்கில் நடக்கிறது. ஒரு மனிதர் உட்கார்ந்து கிளிக் செய்கிறார், வெளியிலிருந்து எந்தத் தரவும் வரவில்லை. இரண்டாவதில் யாரும் கிளிக் செய்வதில்லை. பல ஃபைல்கள் திறந்து மூடப்படுகின்றன, தகவல் எக்செலிலிருந்து வருகிறது. இந்த இரண்டுக்கும் ஒரே மொழி பொருந்த வேண்டும் என்ற கட்டாயமில்லை. வாக்கியத்தை எழுதிவிட்டு மூன்றைப் பாருங்கள்: நடுவில் மனிதர் தலையிடுகிறாரா, தரவு எங்கே இருக்கிறது, எத்தனை ஃபைல்கள்?

வாக்கியம் ஒரு பத்தியாக நீண்டால், அது ஒரு வேலை அல்ல, நான்கு வேலைகள். அவற்றில் சிறியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: உங்கள் மென்பொருள் எந்த மொழிகளை ஏற்கிறது என்று பாருங்கள்

பாதி முடிவு இங்கேயே வந்துவிடும். பெயரோடு பதிப்பையும் வகையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆட்டோகேட் முழுப் பதிப்பு, விண்டோஸில்: ஆட்டோலிஸ்ப் (சுருக்கமாக லிஸ்ப்), விபிஏ (எக்செலிலும் உள்ள மைக்ரோசாஃப்ட் மொழி), மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளத்து மொழிகள் (சி ஷார்ப் போன்றவை), சி பிளஸ் பிளஸ் (ஆப்ஜெக்ட்ஏஆர்எக்ஸ் என்ற நிரலாக்கத் தொகுப்பு வழியாக). இதில் விபிஏ 2010 பதிப்பிலிருந்து கூடவே வருவதில்லை, தனியாகப் பதிவிறக்கி நிறுவ வேண்டும். ஆட்டோகேட் எல்டி பல காலம் எந்த நிரலையும் ஏற்காமல் இருந்தது. 2024 பதிப்பில்தான் ஆட்டோலிஸ்ப் வந்தது. டாட்நெட்டுக்கும் விபிஏவுக்கும் அங்கே இன்றும் இடமில்லை. மேக் பதிப்பில் ஆட்டோலிஸ்ப் ஓடும், ஆனால் ஆக்டிவ்எக்ஸ் (விண்டோஸுக்கே உரிய நிரல் இணைப்பு முறை) அழைப்புகள் ஓடாது. இணையத்தில் கிடைக்கும் பல லிஸ்ப் நிரல்கள் மேக்கில் படுத்துவிடுவதற்குக் காரணம் இதுதான்.

சாலிட்வொர்க்ஸில் விபிஏ மேக்ரோ உள்ளேயே இருக்கிறது. பெரிய நீட்சிகளை சி ஷார்ப்பிலோ விபி டாட்நெட்டிலோ எழுதுவார்கள். இன்வென்டரில் விபிஏவோடு ஐலாஜிக் உண்டு. ஒரு பாகத்தின் அளவுகளை விதிகளால் கட்டுப்படுத்துவதுதான் உங்கள் தேவை என்றால் ஐலாஜிக்கைத் தாண்டிப் போகவே வேண்டாம். ஃபியூஷனில் பைத்தான், சி பிளஸ் பிளஸ் என்று இரண்டுதான். ஃப்ரீகேட் முழுக்க முழுக்க பைத்தான். ரைனோவில் பைத்தானும் சி ஷார்ப்பும் உண்டு, கூடவே கட்டங்களை இழைகளால் இணைத்து வேலை செய்யும் கிராஸ்ஹாப்பர். ரெவிட்டில் அதற்கு இணையாக டைனமோ. ஆழமாகப் போனால் சி ஷார்ப். கேட்டியா வி5 விபிஏவை ஏற்கும். என்எக்ஸ் தாராளம்: சி பிளஸ் பிளஸ், சி ஷார்ப், விபி, ஜாவா, பைத்தான் எல்லாவற்றுக்கும் கதவு திறந்திருக்கிறது.

ஃபியூஷன், ஃப்ரீகேட் பயன்படுத்துபவர்கள் இதற்குமேல் யோசிக்க வேண்டாம். பைத்தானை எடுத்துக்கொண்டு நேராக படி 5-க்குப் போய்விடலாம்.

படி 3: நிரல் எழுதாமலே முடியுமா என்று சோதியுங்கள்

மொழி தேடி வருகிறவர்கள் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

ஆட்டோகேடில் ஸ்கிரிப்ட் ஃபைல் என்று ஒன்று உண்டு. கமாண்ட் லைனில் நீங்கள் தட்டுவதை அப்படியே வரிசையாக நோட்பேடில் எழுதி, எஸ்சிஆர் என்ற நீட்டிப்போடு சேமித்தால் போதும். பர்ஜ் (பயன்படாதவற்றை நீக்குதல்), ஆடிட் (பிழை சரிபார்ப்பு), சேவ் மூன்றையும் வரிசையாகச் செய்யும் ஒரு ஸ்கிரிப்டை யாரும் சில நிமிடங்களில் எழுதிவிடலாம். மூன்று பொறிகள் மட்டும் உண்டு. ஸ்கிரிப்டில் இடைவெளி என்பது என்டர் தட்டியதற்குச் சமம். வரியின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு இடைவெளி விழுந்தால்கூட எல்லாம் ஒரு படி தள்ளிப்போகும். பர்ஜ், லேயர் போன்ற கமாண்டுகள் டயலாக் பெட்டியைத் திறந்து ஸ்கிரிப்டை நிறுத்திவிடும். பெயருக்கு முன்னால் ஒரு சிறு கோடு போட்டால் பெட்டி வராமல் கமாண்ட் லைனிலேயே கேள்விகள் வரும். ஆங்கிலம் அல்லாத பதிப்புகளிலும் ஓட வேண்டுமானால் முன்னால் அடிக்கோடும் சேர்க்க வேண்டும்.

இந்த ஸ்கிரிப்டைப் பல டிராயிங்குகளில் ஓட்ட, 2013 பதிப்பிலிருந்து கோர் கன்சோல் என்ற துணை நிரல் ஆட்டோகேடோடு வருகிறது. திரையில் ஆட்டோகேட் திறக்காமலே டிராயிங்கைப் படித்து ஸ்கிரிப்டை ஓட்டும், வேகம் அபாரம். பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

சாலிட்வொர்க்ஸ், கேட்டியா, ஃப்ரீகேட், என்எக்ஸ் ஆகியவற்றில் மேக்ரோ ரெக்கார்டர் இருக்கிறது. பதிவைத் தொடங்கி, வேலையை ஒருமுறை கையால் செய்து, நிறுத்தினால் நிரல் வரிகள் கிடைக்கும். அந்த வரிகளை அப்படியே பயன்படுத்த முடிவது அரிது. நீங்கள் திரையில் கிளிக் செய்த புள்ளிகூட அதில் எண்ணாகப் பதிந்திருக்கும். ஆனால் எந்தச் செயலுக்கு எந்தக் கட்டளை என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை.

படி 4: மொழியைத் தேர்ந்தெடுங்கள்

ஆட்டோகேட்காரர்களுக்கு என் பரிந்துரை ஆட்டோலிஸ்ப்தான். 1980-களின் நடுவில் வந்த மொழி, பார்க்க அடைப்புக்குறிக் காடு, வேறெங்கும் வேலை வாங்கித் தராது. எல்லாம் உண்மைதான். ஆனால் நிறுவ எதுவும் இல்லை, கம்பைல் செய்ய (ஓடும் வடிவத்துக்கு மாற்ற) எதுவும் இல்லை. ஃபைலைத் திருத்தி மீண்டும் ஏற்றினால் அடுத்த நொடி ஓடும். பயனர் கிளிக் செய்யும் வேலைகளுக்கு, அதாவது நம் முதல் வாக்கியத்துக்கு, இதைவிடக் குறுகிய வழி கிடையாது. பிரிக்ஸ்கேட், இசட்டபிள்யூகேட் போன்ற மாற்று மென்பொருள்களும் லிஸ்பை ஏற்கின்றன என்பது கூடுதல் ஆதாயம்.

லிஸ்பில் புதியவர்கள் சறுக்கும் இடங்கள் மூன்று. உள்ளூர் மாறிகளைச் செயற்கூற்றின் தலைப்பில் சாய்கோட்டுக்குப் பின் குறிப்பிடாவிட்டால், அவை டிராயிங்கை மூடும்வரை உயிரோடு இருந்து இன்னொரு நிரலைக் கெடுக்கும். கமாண்ட் வழியாகக் கோடு வரையும்போது ஆப்ஜெக்ட் ஸ்னாப் இயங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் கொடுத்த புள்ளியை விட்டுவிட்டு அருகிலுள்ள மூலைக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். எனவே ஸ்னாப் அமைப்பை வைத்திருக்கும் ஆஸ்மோட் என்ற மாறியின் மதிப்பை முதலில் சேமித்து, பூஜ்யமாக்கி, கடைசியில் பழைய மதிப்பைத் திரும்ப வைக்க வேண்டும். நடுவில் யாராவது எஸ்கேப் தட்டிவிட்டால் அந்தக் கடைசி வரி ஓடாது. அதற்குத்தான் பிழை கையாளும் செயற்கூறு. இதை எழுதாத லிஸ்ப் நிரல்கள்தான் "என் ஸ்னாப் தானாக அணைந்துவிடுகிறது" என்ற புலம்பலின் பிறப்பிடம்.

லிஸ்பின் இன்னொரு பயன், டிஎக்ஸ்எஃப் (வரைபடப் பரிமாற்ற ஃபைல் வடிவம்) குறியீடுகள் பழகிவிடுவது. ஒவ்வொரு பொருளும் எண்ணிட்ட விவரங்களின் பட்டியல்: 0 என்றால் வகை, 8 லேயர், கோட்டுக்கு 10 தொடக்கப் புள்ளி, 11 முடிவுப் புள்ளி, வட்டத்துக்கு 40 ஆரம். பிளாக் அட்ரிப்யூட்டில் (பிளாக்கோடு ஒட்டிய எழுத்து விவரம்) 2 என்பது டேக், அதாவது அதன் பெயர், 1 என்பது அதன் மதிப்பு. நம் ரிவிஷன் எண் வேலை அடிப்படையில் இவ்வளவுதான்: சரியான டேக் உள்ள அட்ரிப்யூட்டைக் கண்டுபிடித்து, 1-க்கு எதிரே உள்ளதை மாற்றுவது. இந்த அறிவு வேறு மொழிக்குப் போனாலும் கூடவே வரும்.

பைத்தானுக்கு இடமே இல்லையா என்றால், உண்டு. ஈஸிடிஎக்ஸ்எஃப் (ezdxf) என்ற இலவசப் பைத்தான் நூலகம், ஆட்டோகேடே இல்லாத கணினியிலும் டிஎக்ஸ்எஃப் ஃபைலைப் படித்து எழுதும். பட்டியல் எடுப்பது, நூற்றுக்கணக்கான ஃபைல்களைச் சரிபார்ப்பது, எக்செல் தரவிலிருந்து எளிய வரைபடம் உருவாக்குவது போன்றவற்றுக்கு அது அருமை. ஆனால் ஆட்டோகேடின் சொந்த வடிவமான டிடபிள்யூஜி ஃபைலை அது நேரடியாகப் படிக்காது, முதலில் மாற்றியாக வேண்டும். இன்னொரு வழி, விண்டோஸின் காம் (COM, ஒரு நிரல் இன்னொன்றை இயக்கும் முறை) இணைப்பு மூலம் ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டோகேடை வெளியிலிருந்து இயக்குவது. அது மெதுவானது. ஆட்டோகேட் வேறு வேலையில் இருக்கும் நேரத்தில் அழைத்தால் அழைப்பு நிராகரிக்கப்பட்டது என்ற பிழை வந்து நிரல் நின்றுவிடும்; சற்றுக் காத்திருந்து மீண்டும் முயலும்படி எழுத வேண்டும். எக்செல் சம்பந்தப்பட்ட நம் இரண்டாவது வாக்கியத்துக்கு இது போதும், கிளிக் செய்யும் வேலைக்குச் சரிவராது.

விபிஏ பழைய மொழிதான். ஆனால் சாலிட்வொர்க்ஸில் ரெக்கார்டர் தருவது விபிஏ என்பதால், அங்கே அதிலிருந்து தொடங்குவதே எளிது. ஆட்டோகேடில் புதிதாக அதைக் கற்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

சி ஷார்ப் எப்போது? சொந்தமாகப் பேனல், பட்டன் எல்லாம் வைத்துப் பலர் பயன்படுத்தும் கருவியாக வளர வேண்டும் என்றால். ஆரம்பத்தில் பொறுமையைச் சோதிக்கும். டிராயிங்கில் எதைத் தொட்டாலும் டிரான்ஸாக்ஷன் (மாற்றங்களின் தொகுப்பு) திறந்து, முடிந்ததும் கமிட் செய்ய (உறுதிப்படுத்த) வேண்டும். மறந்தால் மாற்றம் எதுவும் பதியாது, பிழைச் செய்தியும் வராது. கம்பைல் செய்து கிடைக்கும் டிஎல்எல் ஃபைலை ஒருமுறை ஏற்றினால், ஆட்டோகேடை மூடாமல் இறக்க முடியாது. ஒரு வரி மாற்றினாலும் மூடித் திறக்க வேண்டும் என்பது கற்கும் காலத்தில் பெரிய இடைஞ்சல். சி பிளஸ் பிளஸ் பற்றிக் கேட்கிறீர்கள் என்றால், உங்களுக்கு அது இப்போது தேவையில்லை.

படி 5: மிகச் சிறிய துண்டை ஓட விடுங்கள்

இருநூறு டிராயிங்குகளைத் தொடுவதற்கு முன் ஒரே டிராயிங்கின் நகலை எடுங்கள். அதில் ரிவிஷன் அட்ரிப்யூட்டைப் படித்துத் திரையில் காட்டும் நிரலை மட்டும் எழுதுங்கள். எதையும் மாற்ற வேண்டாம். படிப்பது சரியானதும் ஒன்றை மாற்றுங்கள், பிறகு சேமியுங்கள், பிறகு இரண்டு ஃபைல்கள். எக்செலை இணைப்பது எல்லாவற்றுக்கும் பிறகு. அதுவரை ரிவிஷன் எண் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தால் போதும்.

முப்பரிமாண மென்பொருள்காரர்கள் இந்தக் கட்டத்தில் கவனிக்க வேண்டியது அலகு. திரையில் மில்லிமீட்டர் தெரிந்தாலும், சாலிட்வொர்க்ஸின் ஏபிஐ (நிரல்கள் மென்பொருளோடு பேசும் இடைமுகம்) நீளத்தை எப்போதும் மீட்டரில் எதிர்பார்க்கும். இன்வென்டரும் ஃபியூஷனும் உள்ளுக்குள் சென்டிமீட்டர், ரெவிட் அடி, ஃப்ரீகேட் மில்லிமீட்டர். சாலிட்வொர்க்ஸில் 50 மில்லிமீட்டர் என்று நினைத்து 50 என்று கொடுத்தால் ஐம்பது மீட்டர் நீளத் தகடு கிடைக்கும். கோணமோ பெரும்பாலும் ரேடியனில், ஆட்டோலிஸ்பிலும் அப்படித்தான். எனவே முதல் சோதனையாக ஒரு பெட்டியை வரையவைத்து, அதை மென்பொருளின் அளவுக் கருவியால் அளந்து பாருங்கள்.

படி 6: அடுத்தவர் கணினியில் ஓட்டுங்கள்

உங்கள் கணினியில் ஓடிய நிரல் பக்கத்து மேசையில் ஓடாமல் போகலாம். ஆட்டோகேட் 2014-லிருந்து செக்யூர்லோட் என்ற பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது. நம்பகமான இடங்கள் பட்டியலில் இல்லாத ஃபோல்டரிலிருந்து நிரலை ஏற்றினால் எச்சரிக்கை வரும். அதை அணைத்துவிடுங்கள் என்று சொல்லும் அறிவுரைகளைக் கேட்காதீர்கள். நிரல்களுக்கென ஒரு ஃபோல்டர் வைத்து, அதை அந்த நம்பகமான இடங்கள் பட்டியலில் (டிரஸ்டட் பாத்ஸ்) சேர்ப்பதே முறை. ஒவ்வொரு முறையும் தானாக ஏற, ஆப்லோட் பெட்டியில் உள்ள ஸ்டார்ட்அப் சூட்டில் ஃபைலைச் சேர்த்துவிடலாம்.

பதிப்பு மாறும்போது என்ன ஆகும் என்பதையும் இப்போதே கணக்கில் எடுங்கள். பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய லிஸ்ப் ஃபைல்கள் பெரும்பாலும் இன்றும் அப்படியே ஓடுகின்றன. ஆட்டோகேட் 2025 டாட்நெட் ஃபிரேம்வொர்க்கை விட்டு டாட்நெட் 8-க்கு மாறியபோது, பழைய சி ஷார்ப் நீட்சிகளை மீண்டும் கம்பைல் செய்ய வேண்டியிருந்தது. எழுதியவர் வேலையை விட்டுப் போய், மூல நிரலும் கையில் இல்லாத அலுவலகங்களில் அந்தக் கருவிகள் அத்தோடு நின்றன. சி ஷார்ப்பைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்றால், டிஎல்எல்லோடு மூல நிரலையும் பொதுவான இடத்தில் முதல் நாளே வைத்துவிடுங்கள்.