'இல்' வந்தவுடன் 'இன்' போடாதீர்கள்

இன், ஒன், அட், பை. முன்னிடைச்சொல் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள், அந்த இலக்கணத்தை விட்டுவிடுகிறேன். தமிழில் ஒற்றை 'இல்' பார்க்கிற வேலையை ஆங்கிலத்தில் இன், ஒன், அட் என்று மூன்று பேர் பங்குபோட்டுப் பார்க்கிறார்கள். நாங்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இதனால்தான்.

முதலில் தமிழ் வசனத்தை மறந்துவிட்டு இடத்தைக் கண்முன் கொண்டுவாருங்கள். கிளிநொச்சியில் இருக்கிற இரணைமடுக் குளத்தையே எடுப்போம். "தம்பி இரணைமடுவில் நிற்கிறான்." தண்ணீருக்குள் இறங்கிக் குளிக்கிறானா? இன் த டாங்க். குளக்கட்டில் நடக்கிறானா? ஒன் த பண்ட். ஆள் எங்கே என்று கேட்டவருக்கு இடத்தை மட்டும் சொன்னால் போதுமா? அட் இரணைமடு. (குளத்தை டாங்க் என்பது எங்கள் நாட்டு ஆங்கிலம். வெளிநாட்டுக்காரரிடம் ரிசர்வாயர் என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர்த் தாங்கிக்குள் தம்பிக்கு என்ன வேலை என்று யோசிப்பார்.)

அடுத்தது வாகனம். உள்ளே எழுந்து நடக்கலாம் என்றால் ஒன்: ஒன் த பஸ், ஒன் த ட்ரெயின். குனிந்து ஏறி உட்காருவதென்றால் இன்: இன் அ கார், இன் அன் ஓட்டோ. சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மறுபடி ஒன். லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) இழுக்கிற பெட்டிக்குள் நெல் மூட்டையோடு இருப்பவர் இன் த ட்ரெய்லர்.

ஏ9 வீதியில் மாடுகள் படுத்துக் கிடந்தால், த கவ்ஸ் ஆர் இன் த வே. ஒன் த வே என்று எழுதினால் மாடுகள் வந்துகொண்டிருக்கின்றன என்று அர்த்தம்.

இனி நான் மாட்டுப்பட்ட இடம். கொழும்பிலிருந்து வந்த ஓர் அதிகாரியோடு முல்லைத்தீவு போக வேண்டியிருந்தது. "பத்து மணிக்குள் மாங்குளத்தில் நிற்பேன்" என்று நினைத்துக்கொண்டு, "ஐ வில் பீ அட் மாங்குளம் அன்டில் டென்" என்று செய்தி அனுப்பினேன். அவருக்கு விளங்கியது வேறு: பத்து மணி வரைக்கும் நிற்பான், பிறகு போய்விடுவான். பத்தேகாலுக்கு வந்தவர் சந்தியில் நிற்பாட்டாமலே முல்லைத்தீவு வீதியில் திரும்பிப் போய்விட்டார். நான் பதினொரு மணிவரை வெயிலில் நின்றேன். பிழை அவரிடம் இல்லை. நான் எழுதியிருக்க வேண்டியது பை டென்.

அன்றைக்குப் பிறகு இப்படித்தான் சரிபார்க்கிறேன். தமிழில் 'வரைக்கும்' என்று சொன்னால் அன்டில்: கடை ஆறு மணி வரைக்கும் திறந்திருக்கும். 'குள்' வந்தால் மட்டும் இன்னொரு தடவை பாருங்கள். வெள்ளிக்கிழமைக்குள், பத்து மணிக்குள் என்று ஒரு கெடுவைக் குறித்தால் பை. இரண்டு நாளுக்குள், ஒரு மணித்தியாலத்துக்குள் என்று கால அளவைச் சொன்னால் விதின். 'குள்' என்றதும் எல்லா இடத்திலும் விதின் போட்டு, "விதின் ஃப்ரைடே" என்று எழுதிய கடிதங்கள் எத்தனையோ பார்த்துவிட்டேன்.

மொழிபெயர்ப்பு ஆப்பை இதற்கு நம்ப மாட்டேன். ஒக்ஸ்ஃபோர்ட் லேர்னர்ஸ் அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் வினைச்சொல்லைத் தேடி, அர்த்தத்தை விட்டுவிட்டு உதாரண வசனங்களைப் பாருங்கள். அரைவ் என்று தேடினால் ஊருக்கு இன், சந்திக்கு அட் என்று தானாகப் பிடிபடும். பிடித்த வசனத்தை ஒரு சீ.ஆர். கொப்பியில் முழுதாக எழுதிவையுங்கள், தனிச்சொல்லாக எழுதினால் மறந்துபோகும்.

பிற்சேர்க்கை: 'பற்றி' என்று தமிழில் வருகிறதே, டிஸ்கஸ் அபௌட் சரிதானே என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. டிஸ்கஸ் தனியாகவே நிற்கும்.

இன்னொரு தங்கச்சி, தன் அம்மா ஆஸ்பத்திரியில் வேலை செய்வதைச் சொல்ல நினைத்து "மை மதர் இஸ் இன் ஹொஸ்பிட்டல்" என்று எழுதினாராம். அப்படி எழுதினால் அம்மாவை வார்ட்டில் அனுமதித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தங்கச்சி, "ஷீ வர்க்ஸ் அட் த ஹொஸ்பிட்டல்" என்று உடனே திருத்தி அனுப்புங்கள், யாராவது தோடம்பழமும் ஹோர்லிக்ஸும் வாங்கிக்கொண்டு புறப்பட முன்னர்.