ஸ்பீட் போஸ்ட்டா, கூரியரா? கவரை ஒட்டுமுன் பார்க்க வேண்டியவை

எது மலிவு, எது வேகம் என்று பார்ப்பதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். பெறுபவரின் பின்கோடு எது? கவர் போய்ச் சேர்ந்ததை நாளைக்கு யாரிடமாவது நிரூபிக்க வேண்டி வருமா? இவை தெரிந்தால் முக்கால்வாசி முடிவு ஆகிவிடும்.

சென்னை, கோவை, மதுரை, திருச்சி போன்ற ஊர்களுக்குள் சாயங்காலம் கொடுத்தது மறுநாள் சேர வேண்டும், நிரூபிக்கும் தேவை இல்லை என்றால் கூரியர் நல்லது. இரவு வண்டிக்கு மூட்டை கட்டும் நேரத்தைக் கேட்டு, அதற்கு முன்பே கொடுங்கள். அது தவறினால் ஒரு நாள் போய்விடும். கிராமத்துக்கு அனுப்புவதென்றால் நிலைமை வேறு. கவுன்டரில் "சர்வீஸ் இருக்கு" என்பார்கள். பல இடங்களில் அது பக்கத்து டவுன் கிளை வரைதான். பெறுபவருக்கு போன் வரும், அவர் பஸ் ஏறிப் போய் வாங்கிவர வேண்டும். "வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பீர்களா?" என்று பின்கோட்டைச் சொல்லிக் கேளுங்கள். நாட்டிலுள்ள சுமார் 1,64,000 அஞ்சலகங்களில் பத்துக்கு ஒன்பது கிராமப்புறத்தில் இருக்கின்றன. அந்த இடத்தில் தபால்காரருக்குப் போட்டியே கிடையாது.

கடிதம் கொண்டுசெல்லும் தனியுரிமை 1898-ஆம் ஆண்டுச் சட்டப்படி அஞ்சல் துறைக்கே இருந்தது. 2023-ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டம் 2024 ஜூன் 18 அன்று அமலானபோது அது போய்விட்டது. ஆனால் வக்கீல் நோட்டீஸ், வாடகை நோட்டீஸ், செக் திரும்பிய நோட்டீஸ் ஆகியவற்றில் தபாலுக்கு உள்ள பலம் அப்படியே இருக்கிறது. பொதுப் பிரிவுகள் சட்டம் 27-ஆம் பிரிவின்படி, சரியான முகவரி எழுதி, கட்டணம் செலுத்தி, பதிவுத் தபாலில் அனுப்பினால் அது சேர்ந்ததாகவே கருதப்படும். இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். செக் வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2007-இல், அலவி ஹாஜி வழக்கில், தெளிவாகச் சொன்னது. கூரியர் ரசீதுக்கு இந்தச் சலுகை தானாகக் கிடைக்காது. எனவே நோட்டீஸை எவ்வளவு அவசரமானாலும் தபாலிலேயே அனுப்புங்கள். வேண்டுமானால் நகலைக் கூரியரில் கூடுதலாக அனுப்பலாம்.

இங்கேதான் இப்போது பலர் தவறுகிறார்கள். 2025-இல் உள்நாட்டுப் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. வெறும் ஸ்பீட் போஸ்ட் அந்த முகவரியில் இருக்கும் யாரிடமும் கொடுக்கப்படலாம். பெயருக்குரியவரிடமோ அவர் அதிகாரம் கொடுத்தவரிடமோதான் சேர வேண்டும் என்றால், கவுன்டரில் "ரிஜிஸ்ட்ரேஷன் சேர்த்துப் போடுங்கள்" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். அதற்குத் தனியாக 5 ரூபாய். டெலிவரிச் சான்று வேண்டுமானால் அதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். ரசீதில் ரிஜிஸ்ட்ரேஷன் அச்சாகியிருக்கிறதா, பெயரும் பின்கோடும் சரியா என்று கவுன்டரை விட்டு நகருமுன் பாருங்கள்.

ஸ்பீட் போஸ்ட் கட்டணத்தில் எடை முக்கியம். 2025 அக்டோபர் 1 முதல் அமலான கட்டணப்படி, 50 கிராம் வரை உள்ளூருக்கு 19 ரூபாய், வெளியூருக்கு 47 ரூபாய். 51 கிராம் ஆனால், 201 முதல் 500 கிலோமீட்டர் வரையிலான தூரத்துக்கு 63 ரூபாய். 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம். எட்டுத் தாளும் 10 கிராம் கவரும் சேர்ந்தால் சரியாக 50. ஒன்பதாவது தாளோ தடித்த கவரோ அடுத்த படிக்குத் தள்ளிவிடும். இருபுறமும் அச்சடித்து, மெல்லிய கவரில் போடுங்கள். மதுரையிலிருந்து சென்னைக்கு 50 கிராமுக்குள் ரிஜிஸ்ட்ரேஷனோடு 52 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 61.36. எடை தாண்டினால் 80.24.

பாடப்புத்தகங்களுக்கு அஞ்சல் துறையின் ஞான் போஸ்ட் சேவை இருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரைவழியில் போவதால் நாளாகும், டிராக்கிங் உண்டு. அவசரமில்லாத புத்தகத்துக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

பார்சலில் பெட்டியின் அளவு பர்ஸைக் கடிக்கும். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து, வருவதைக் கிலோவாக எடுத்துக்கொள்வது கூரியர்களின் வழக்கம். 40×30×25 பெட்டியில் 2 கிலோ முறுக்கு வைத்தாலும் 6 கிலோவுக்குக் கட்டணம் கேட்பார்கள். பெட்டியைச் சுருக்குங்கள், மூலைகளைக் காகிதத்தால் நிரப்பி, அடிப்பக்க மடிப்பில் டேப்பை இரண்டு முறை ஓட்டுங்கள். முகவரியை உள்ளேயும் ஒரு தாளில் எழுதி வைத்தால், மேல் லேபிள் கிழிந்தாலும் பார்சல் அநாதையாகாது.

ரசீது தெர்மல் தாள். சில மாதத்தில் எழுத்து மங்கிவிடும், வழக்கோ ஆண்டுக்கணக்கில் போகும். அன்றே ஜெராக்ஸ் எடுங்கள். டிராக்கிங் பக்கத்தில் டெலிவரி ஆனது தெரிந்த உடனே அதையும் பிரின்ட் எடுங்கள். பிற்பாடு தேடினால் கிடைக்காது. "வாங்க மறுத்தார்" என்ற குறிப்போடு கவர் திரும்பி வந்தால் பிரிக்காதீர்கள். ஒட்டிய கவரும் அதன்மேல் உள்ள குறிப்பும் சேர்ந்துதான் சான்று.

ஸ்பீட் போஸ்ட் தொலைந்தால், கட்டணத்தின் இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் இழப்பீடு. கூரியரின் பொறுப்பு வரம்பு ரசீதின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும். அசல் சான்றிதழோ விலையுள்ள பொருளோ அனுப்புவதானால், புக் செய்யும்போதே காப்பீடு போடச் சொல்லுங்கள். ரசீது வந்தபின் சேர்க்க முடியாது.