கத்தி எதைக் கீறியது? கனிமங்களை இனங்காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் முதலாண்டு மாணவர்களை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிக்கு அழைத்துப் போயிருந்தேன். வெளிறிய பாறையில் துருத்திக்கொண்டிருந்த பழுப்புக் கட்டி ஒன்றை ஒரு மாணவி கத்தியால் கீறினாள். வெள்ளைக் கோடு விழுந்தது. 'கடினத்தன்மை 3' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு நகர்ந்தாள். 25 வருடங்களுக்கு முன்பு அதே ஊரில் நான் எழுதியதும் ஏறக்குறைய அதுவேதான்.

நிறத்தை நம்பக் கூடாது என்பதைப் பாடப்புத்தகங்களே சொல்லிவிடுகின்றன. அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

தோலைக் கீறிவிட்டுக் கல்லின் கடினத்தை எழுதுவது

என்னால் இன்றும் பொறுக்க முடியாத தவறு இதுதான். அன்று என் கையில் இருந்தது கட்டைவிரல் பருமனில், நடுவில் பருத்து இரு முனையிலும் சிறுத்த ஒரு படிகம். கத்தி எளிதாக இறங்கியது; பளபளவென்று சிறு செதில்கள் உதிர்ந்தன. 'சிதைந்த ஃபெல்ட்ஸ்பார்' (பாறைகளில் மிகச் சாதாரணமாகக் கிடைக்கும் கனிமம்) என்று எழுதி, கல்லை அங்கேயே போட்டுவிட்டேன். அது குருந்தம். கோரண்டம் என்று உலகமே வழங்கும் பெயர் தமிழ்க் குருந்தத்திலிருந்துதான் போனது. 1812இல் கனிமவியலாளர் மோஸ் வகுத்த, 1 முதல் 10 வரையிலான கடினத்தன்மை அளவுகோலில் அதன் இடம் 9; வைரத்துக்கு அடுத்தபடி. நான் கீறியது குருந்தத்தை அல்ல, அதன் மேல் படிந்திருந்த மைக்காவை. குருந்தத்தின் மேற்பரப்பு காலப்போக்கில் மைக்காவாக மாறுவது வழக்கமான ஒன்று. அந்தப் பொருக்கு நகத்தைவிடச் சற்றே கடினமானது, அவ்வளவுதான். என் நிலப்படத்தில் அந்த இடம் குருந்தம் இல்லாத இடமாகவே பதிவாயிற்று. அடுத்த ஆண்டு முழுப் பகுதியையும் மறுபடி நடந்து திருத்த வேண்டியிருந்தது.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. கத்தியின் கடினம் சுமார் 5.5. குவார்ட்ஸ் 7. குவார்ட்ஸின் மேல் கத்தியை அழுத்தி இழுத்தால் சாம்பல் நிறக் கோடு விழும். அது தேய்ந்த எஃகு. கல்லில் பள்ளமே இல்லை, ஆனால் மாணவர்கள் 'கீறியது' என்று எழுதிவிடுகிறார்கள்.

ஆகவே முதலில் சுத்தியலால் ஒரு மூலையை உடைத்துப் புதுப் பரப்பைப் பாருங்கள். அரை அங்குல நீளம் கீறினால் போதும். ஈரக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு, நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். பள்ளம் இருந்தால் நகம் தடுக்கும். கடைசியாகத் தலைகீழ்ச் சோதனை: கல்லின் கூர்முனையால் குவார்ட்ஸைக் கீறுங்கள். அந்த மாணவியைத் திரும்ப அழைத்து இதைச் செய்யச் சொன்னேன். உடைந்த பரப்பு வெளிர் ஊதாவாக இருந்தது. அதன் முனை குவார்ட்ஸில் ஆழமாக இறங்கியபோது அவள் கையை எடுக்கவே இல்லை. மூன்று முறை கீறிப் பார்த்தாள்.

ரூபாய் நாணயத்தால் கீறுவது

பழைய புத்தகங்கள் சொல்வது செப்பு நாணயத்தை. இன்றைய ரூபாய் துருப்பிடிக்காத எஃகு; செம்பைவிடக் கடினம். வேண்டாம்.

ஒரே திசையில் கீறுவது

கயனைட் என்ற நீண்ட பட்டைப் படிகம் நீளவாக்கில் கத்திக்கு இடம் கொடுக்கும், குறுக்கே கொடுக்காது.

தகட்டின் தூளைக் கல்லின் தூள் என்று எண்ணுவது

உராய்வு நிறம், அதாவது கல்லைத் தேய்த்தால் விழும் தூளின் நிறம், பார்க்கும் பீங்கான் தகட்டின் கடினம் 7ஐ நெருங்கும். அதைவிடக் கடினமான கல்லைத் தேய்த்தால் உதிர்வது தகடுதான். மென்மையான தாதுக்களில் இந்தச் சோதனைக்கு நிகர் இல்லை: சேலம் கஞ்சமலையின் இரும்புத் தாதுவான மேக்னடைட் கறுப்பாக இழுக்கும். இன்னொரு இரும்புத் தாதுவான ஹேமடைட் எவ்வளவு கறுத்திருந்தாலும் அதன் கோடு செம்பழுப்பு.

அக்கம்பக்கத்தைப் பார்க்காமல் கல்லை மட்டும் பார்ப்பது

ஒரு கனிமம் எங்கே பிறந்தது என்பதும் ஓர் அடையாளம். குருந்தத்தில் அலுமினியமும் ஆக்சிஜனும் மட்டுமே அடிப்படை. சுற்றிலும் சிலிக்கா மிஞ்சியிருந்தால் அலுமினியம் அதோடு சேர்ந்து ஃபெல்ட்ஸ்பாராகவோ சில்லிமனைட்டாகவோ ஆகிவிடும். சிலிக்கா குறைந்த பாறைகளில்தான் குருந்தம் தங்கும். சித்தம்பூண்டியின் வெளிறிய பாறையான அனார்த்தசைட் அப்படிப்பட்டது. நிலவின் மேட்டு நிலப் பாறைக்கு நெருக்கமானது என்பதால்தான் சந்திரயான் சோதனைகளுக்கான செயற்கை நிலவு மண்ணை இஸ்ரோ இப்பகுதிப் பாறையிலிருந்து தயாரித்தது. யாராவது குவார்ட்ஸ் நரம்புக்குள் குருந்தம் எடுத்தேன் என்றால், முதலில் அந்தக் கல்லைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

நுரைக்கவில்லை என்றவுடன் கார்பனேட் இல்லை என்று முடிவுகட்டுவது

சேலத்து வெள்ளைக் குன்றுகளை ஆங்கிலேயர்கள் சுண்ணக் குன்றுகள் என்று அழைத்தார்கள். அங்கே இருப்பது மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் ஒரு சொட்டில் கால்சியம் கார்பனேட்டான கால்சைட் உடனே பொங்கும்; மேக்னசைட் சும்மா இருக்கும். கல்லைப் பொடித்து, அமிலத்தைச் சூடாக்கிவிட்டு மறுபடி பாருங்கள்.